பதினொரு சிவப்புக் கட்டங்கள்

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது.

வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. அண்ணியும் பிள்ளையும் நலம். நான்தான் நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முகாமில் சிக்னல் கிடையாதே, அதனால் சாமான் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது பிரித்துப் படி.

போன மாதம் விமானத்திலிருந்து லேசர் அடித்துக் காட்டை அளந்தார்கள் அல்லவா, அந்தத் தரவு என் மேசைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மரத்தின் உயரமும் திரையில் நிறம் நிறமாகத் தெரிகிறது. நீ தரையில் நாடா பிடித்து அளந்த முப்பது மாதிரிக் கட்டங்களோடு அதை ஒப்பிடுவது என் வேலை. பத்தொன்பது கட்டங்கள் அச்சாகப் பொருந்தின. என் அண்ணன் வேலை அவ்வளவு சுத்தம் என்று பக்கத்து மேசைக்காரியிடம் பீற்றிக்கொண்டேன்.

மீதிப் பதினொன்றில் இடித்தது. ஒரு கட்டத்தில் உன் தாள்படி நாற்பத்தொரு மரம் நிற்கிறது. லேசருக்கோ வெறும் தரை. மழையில் மண் சரிந்திருக்கிறது. முதலில் மென்பொருளைத்தான் திட்டினேன். மூன்று முறை திரும்ப ஓட்டினேன். அப்புறம் உன் போன வருடத் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பதினொன்றிலும் இந்த வருடம் எல்லா மரமும் சொல்லிவைத்தாற்போல இரண்டு சென்டிமீட்டர் பருத்திருந்தது. பொய் எழுதுவதற்காவது கொஞ்சம் மூளையைச் செலவழித்திருக்கக் கூடாதா?

கோபத்தில் அந்தக் கட்டங்களுக்கு வரைபடத்தில் சிவப்பு அடித்தேன். பதினொன்றும் ஓடைக்கு மேலே, செங்குத்துச் சரிவில். கீழே சமதளத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதைப் பார்த்ததும் கோபம் போய் எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஜீப் ஓட்டுநரை மடக்கிக் கேட்டேன். கூடாரத்திலிருந்து ஜீப்புக்கு வருவதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாயாம். வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கினாயாம். ஊருக்குள் இறங்கிப் போன் பண்ணும்போது மட்டும், "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறாய்.

திங்கட்கிழமை அறிக்கை போக வேண்டும். எண்களை நானே சரிக்கட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது. செய்ய மாட்டேன். இந்த அளவை நம்பித்தான் அந்தச் சரிவின் அடியில் பாதை போடப் போகிறார்கள். நீயே வந்து மேலதிகாரியிடம் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், நான் இருக்கிறேன். சனிக்கிழமை காலை இதய மருத்துவரிடம் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அண்ணியிடம் இன்னும் மூச்சுவிடவில்லை.

உன் ரோஷம் எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் நாடாவைத் தூக்கிக்கொண்டு அந்தச் சரிவில் ஏறப் பார்ப்பாய். வேண்டாம் அண்ணா. ஒரு மரத்தைக்கூட அளக்காதே. அந்தப் பொய்யோடேயே கீழே இறங்கி வா.

உன் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தங்கை