மேசைக்கு அடியில் பிரேக்

போன வாரம் மழைக்காக அம்பத்தூரில் ஒரு கடைக்குள் ஒதுங்கினேன். கார்ப் பந்தய விளையாட்டுக்கான புது ஸ்டியரிங் ஒன்றை அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். "உக்காந்து ஓட்டிப் பாருங்க சார்" என்றார் கடைக்காரர். என்னால் முடியவில்லை. கொட்டுகிற மழையிலேயே இறங்கி நடந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த என் நண்பன் நீ, பாரிவாக்கம் அருகே வண்டி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்று, மண்ணூர்பேட்டை வீட்டில் கட்டிலோடு கிடந்தாய். பார்க்க வரும்போதெல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆபீசுக்கு மாதிரிக்காக ஒரு ஸ்டியரிங் வந்தது. முதலாளியிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டரோடு அதையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். உன் அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தார். உன்னைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமல் இருக்க மார்போடு துண்டால் கட்டினேன்.

"இன்னா மச்சான் இது, பொம்ம ஸ்டேரிங்கா?" என்று சிரித்தாய். மேசை விளிம்பில் அதைத் திருகிப் பொருத்தியதும் உன் சிரிப்பு நின்றது. இரண்டு கையாலும் பிடித்தாய். இடமும் வலமும் மெல்லத் திருப்பினாய். விட்டதும் அது தானாக நடுவுக்கு வந்தது.

"உள்ள ஸ்பிரிங்கு வச்சிக்கிறான். ரோடு கைக்கு வர்ல. ஆனா பிடி நல்லா கீது" என்றாய், புது வண்டி வாங்க வந்தவனைப் போல.

பெட்டியில் பெடல்களும் இருந்தன. வெளியே எடுக்கும்வரை அது எனக்கு உறைக்கவே இல்லை. நீ அவற்றைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். அவற்றைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனேன்.

"கீய குந்து மச்சான். கையால அமுக்கு, நா சொல்றேன்."

மேசைக்கு அடியில் நுழைந்தேன். அங்கிருந்து திரை தெரியாது. "ஆக்ஸிலேட்டரு... பிரேக்கு... பிரேக்குடா!" ஒவ்வொரு முறையும் என் கை பிந்தியது. மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதலில் சிரித்தாய், அப்புறம் சிரிக்கவில்லை. சர்ச்சிலிருந்து வந்த அம்மா, திரையில் கார் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து "ஏசப்பா!" என்று அலறினார்.

"சும்மா வெளாட்டும்மா" என்றாய். அவர் சமையலறைக்குள் போனார், திரும்பி வரவில்லை.

"போதும்டா, கழட்டிடறேன்" என்றேன்.

"இரு. இன்னொரு தபா. ரேசு வாணாம். மெதுவா போலாம்."

மெதுவாகப் போனோம். மற்ற கார்கள் உறுமிக்கொண்டு நம்மைத் தாண்டின. "ஓரங்கட்றேன், பிரேக்க புட்ச்சிக்கோ. ஆஃப் பண்ணிராத" என்றாய். அதன் பிறகு இஞ்சின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வலித்தும் நான் கையை எடுக்கவில்லை.

அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் படுக்கைப்புண்ணும் காய்ச்சலும் உன்னைக் கொண்டுபோயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். எழுதிக்கொடுத்த மருந்துகளை ஓடி ஓடி வாங்கி வந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று மேசைக்கு அடியில் என் முகத்துக்கு நேராக இருந்தவை உன் பாதங்கள்தான். ஒன்று பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. இன்னொரு கையால் அதை எடுத்து நேராக வைத்தேன். சில்லென்று இருந்தது. உனக்குத் தெரியவில்லை. மேலே நீ ஏதோ ஒரு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் குளிர் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.