ஊதாப் புள்ளி வைத்த டிரான்சிஸ்டர்

கடல் கடந்து கொலுவீற்றிருக்கும் கரகரப்புக் கலையின் பேரரசி, எங்கள் செல்ல மகளுக்கு, பல்செட் கட்டும் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் திடமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன், இதைப் படித்து முடிக்க உனக்குத் திடம் வேண்டியிருக்கும். சாப்பிட்டுவிட்டுப் படி. உன் சித்தியின் முழங்கால் முன்னைவிட மோசம், மாடிப்படி ஏறும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டு இடி இடிக்கிறதென்று கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியை எடுக்க ஓடுகிறார். என் தொழில் அமோகம். போன வாரம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நான் கட்டிய பல்லை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, சொந்தப் பெண்டாட்டியையே மறுபடி பெண் கேட்டுப் போகப்போவதாகச் சொல்லிக் கிளம்பினார், அந்த அம்மாள் இன்றுவரை என் கடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நீ வரப்போகிறாய் என்று உன் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்து, சித்தி தினமும் அதை இழுத்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், கிடார் சக்கரவர்த்தியோடு சேர்ந்து பெடல் பட்டறை போடுகிறேன், பட்டறை போட்ட கையோடு கல்யாணம் என்று எழுதியிருந்தாய். பட்டறைக்கு மூலதனம், நீ ஊரைவிட்டுப் போகும்போது அவனிடம் ஒப்படைத்த பெட்டி நிறைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அது வயசாகிக் கெட்டுப்போயிருக்கிறதா என்று அளந்து சொல்லுங்க சித்தப்பா, சரியா இருக்குன்னு நீங்க சொன்னதும் ராஜினாமா கொடுக்கிறேன் என்று எனக்கு ராஜாங்க உத்தரவு. என் வாடிக்கையாளர்கள் உன் தொழில் என்னவென்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: நன்றாயிருக்கும் கிடார் சத்தத்தைக் காலால் ஒரு மிதி மிதித்துத் தொண்டை கட்டிய காண்டாமிருகமாக மாற்றும் பெடல் என்ற தகரப் பெட்டி செய்கிறாள், அதற்காகத்தான் நாங்கள் கடன்பட்டுப் பொறியியல் படிக்கவைத்தோம். புது டிரான்சிஸ்டர் போட்டால் அந்தக் காண்டாமிருகம் வெறுமனே கத்தும், உன் அப்பா பிறந்த காலத்தில் செய்த ஜெர்மானியம் போட்டால்தான் அழவும் செய்யும் என்று நீ சொல்வாய். அதைத் தேடி என்னையும் இழுத்துக்கொண்டு நீ ஏறாத பழைய சாமான் கடை இந்தப் பூமண்டலத்தில் கிடையாது. செத்த ரேடியோ, காது கேட்காதவர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த கருவி, டெலிபோன் ஆபீஸ் தூக்கியெறிந்த போர்டு, எதைக் கண்டாலும் தரையோடு தரையாகப் படுத்து உள்ளே எட்டிப்பார்ப்பாய். ரெசிஸ்டரின் கோடு தெரியாவிட்டால் எச்சில் தொட்டுத் துடைத்து, பழுப்பா சிவப்பா சித்தப்பா என்பாய், பல்லின் நிறம் கேள் சொல்கிறேன் என்பேன். ஆகவே அந்தப் பெட்டியின் அருமை எனக்குத் தெரியும். உடனே போனேன்.

சக்கரவர்த்தியின் அரண்மனை, அதாவது ஸ்பீக்கர் வாடகைக் கடை, அப்படியேதான் இருக்கிறது. கூரை முட்ட ஸ்பீக்கர், ஆணியில் சுருட்டி மாட்டிய ஒயர், நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் அவன். என்னைக் கண்டதும் எழுந்து, ஸ்டூலைத் தன் சட்டையாலேயே துடைத்து, உட்காருங்க அங்கிள் என்று உபசாரம். பெட்டியைக் கேட்டதும், அவ போனதுலேர்ந்து நான் இதைத் திறக்கவே இல்ல அங்கிள், அவ கையாலதான் திறக்கணும்னு வச்சிருக்கேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் கல்நெஞ்சக்காரன், மயக்கமருந்து கொடுக்காமல் பல் பிடுங்குவதை நின்று வேடிக்கை பார்ப்பவன், நானே மூக்கை உறிஞ்சினேன் என்றால் பார்த்துக்கொள். அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கடையில் எல்லாவற்றின் மேலும் தூசி, மைக்கின் மேல் தூசி, விசிறியின் மேல் தூசி, சக்கரவர்த்தியின் தலைமேலேயே தூசி, இத்தனை காலம் தொடாத அந்தப் பெட்டியின் மேல் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பல் கட்டுகிறவருக்கு இதுல என்ன தெரியப்போகுது, பத்திரமா எடுத்துட்டுப் போங்க அங்கிள் என்று சிரித்தபடி வழியனுப்பினான்.

வீட்டில் என் மேஜையிலிருந்த தாடைகளையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, நீ விட்டுப்போன மீட்டரை எடுத்தேன். நீ சொல்லிக்கொடுத்ததுதான், ஜெர்மானியம் என்றால் மீட்டர் பாயின்ட் இரண்டு, மூன்று என்று வெட்கப்படும், இந்தக் காலத்துச் சிலிக்கான் என்றால் பாயின்ட் ஆறு, ஏழு என்று நெஞ்சை நிமிர்த்தும். முதலாவது நெஞ்சை நிமிர்த்தியது. இரண்டாவதும் நிமிர்த்தியது. நான் எடுத்தவை எல்லாம் பட்டாளத்துச் சிப்பாய் போல ஒன்றுபோல நிமிர்ந்தன. சரி, மீட்டருக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று உன் இரண்டாவது பரீட்சையை வைத்தேன், விரலுக்கு நடுவே பிடித்துச் சூடு காட்டினால் ஜெர்மானியத்தின் மின்கசிவு மளமளவென்று ஏறும் என்பாயே. நான் பிடித்த பிடியில் ஒரு கோழிமுட்டை பொரிந்திருக்கும், எண் அசையவில்லை. உன் சித்தி பக்கத்தில் நின்று, நம்ம பொண்ணு வாங்கும்போதே எவனாவது ஏமாத்தியிருப்பான், அந்தப் பையனைச் சந்தேகப்படாதீங்க என்றாள். நான் பல்செட்டுக்குப் பொடி குழைக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒன்றைத் துடைத்தேன். கறுப்பு பெயின்ட் பஞ்சோடு வந்துவிட்டது, அதன்மேல் எழுதியிருந்த பழைய கம்பெனி நம்பரும் கூடவே வந்துவிட்டது, அடியில் வேறொரு நம்பர் பல்லை இளித்தது. ஆயுசு முழுக்கப் பொய்ப்பல் கட்டியவனிடமே பொய்ப்பல்லைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறான் உன் சக்கரவர்த்தி. சித்தி அப்போதும் விடவில்லை, நீ வாங்கியதே இப்படித்தான் இருந்திருக்கும் என்றாள். இல்லை. நீ அளந்து தேறியதன் தலையில் எல்லாம் நகப்பூச்சில் ஒரு ஊதாப் புள்ளி வைப்பாய். நான் ஆசையாக வாங்கிக்கொடுக்க, கையில ரத்தம் கட்டின மாதிரி இருக்குன்னு உன் சித்தி தூக்கியெறிந்தாளே, அந்த நகப்பூச்சு. பெட்டியில் ஒன்றின் தலையிலும் புள்ளி இல்லை.

இப்போது கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள் மகளே. போன குளிர்காலத்தில் நீ ஒரு போட்டோவோடு கடிதம் எழுதினாய், இன்டர்நெட்டில் யாரோ ஒரு சேகரிப்பாளரிடம் அபூர்வமான ஜெர்மானியம் வாங்கியதாக, அதன் தலையில் ஊதாப் புள்ளி இருப்பதாக, இப்படிப் புள்ளி வைத்த வகை எந்த அட்டவணையிலும் இல்லை, உலகத்திலேயே நான்தான் முதலில் கண்டுபிடித்திருக்கிறேன் சித்தப்பா என்று குதித்திருந்தாய். கம்பெனிக்காரன் கலர் வைப்பது உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த போட்டோவைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தேன். புள்ளி வைத்துவிட்டு இடப்பக்கம் சின்னதாக ஒரு இழுப்பு இழுப்பாயே, எழுதப் பழகும்போதே அந்தப் பழக்கம் உனக்கு, அந்த வால் ஒவ்வொன்றிலும் இருந்தது. பழுப்பும் சிவப்பும் எச்சில் தொட்டுக் கண்டுபிடிக்கிற மகா நிபுணி, உன் கைவேலையையே நீ விலை கொடுத்து வாங்கி அதற்கு ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதியிருக்கிறாய். இந்த அண்டசராசரத்தில் நீ அளந்து பார்க்காத பொருள் ஒன்றே ஒன்றுதான், அது ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி போனேன். துடைத்த டிரான்சிஸ்டரை அவன் உள்ளங்கையில் வைத்தேன். அழுவான், காலில் விழுவான் என்றெல்லாம் ஒரு நாடகத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். அவன் சிரித்தான். சும்மாதானே கிடந்துச்சு அங்கிள், ஒரு ஃப்ரெண்டு நெட்ல வித்துத் தரேன்னான், அதான் கொடுத்தேன் என்றான். வாங்கியது யார் என்று தெரியுமா என்றேன். அட்ரஸைப் பார்த்ததுமே சிரிச்சுட்டேன், அவ பொருள் அவகிட்டயே போய்ச் சேருது, நல்லதுதானே அங்கிள் என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவ பேரம் பேச மாட்டான்னு எனக்குத் தெரியும்ல, அதனால கொஞ்சம் ஏத்திச் சொல்லுடான்னேன் என்றான், ஏதோ உன் நல்ல குணத்தைப் பாராட்டுகிறவன் போல. பெட்டி காலியா இருந்தா அவ மனசு கஷ்டப்படுமேன்னு ரொப்பி வச்சேன் என்று பெயின்ட் அடித்ததற்கும் ஒரு கருணை விளக்கம். அவன் பல்லை அங்கேயே உடைத்திருப்பேன், மறுநாள் நானே கட்டிக்கொடுக்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தான். நீங்க எதுவும் எழுதிடாதீங்க அங்கிள், அவ வந்ததும் நானே சொல்லிக்கறேன், ரெண்டு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடுவா, அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா என்றான்.

உன் சித்தியும் இதே பாட்டைத்தான் பாடுகிறாள். எழுதாதீங்க, பிள்ளை ஒத்தையா அங்க இருந்து இதைப் படிச்சா என்ன ஆகும், வரட்டும், மடியில போட்டுக்கிட்டுப் பக்குவமா சொல்லலாம் என்று அடுப்படியில் நின்று அழுகிறாள். முடியாது என்றுவிட்டேன். அந்தப் பயல் பேசியதில் உண்மை ஒன்றுதான், அதுதான் என்னை அவன் கடையிலிருந்து வீடுவரை துரத்திக்கொண்டு வந்தது. நீ இரண்டு நாள் அழுவாய். மூன்றாம் நாள் அவன் கண்ணைத் துடைப்பான், நீ அவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பாய். உன் ஜாமென்ட்ரி பாக்ஸைத் திருடியவளுக்கு மறுநாளே பென்சில் சீவிக்கொடுத்தவள் நீ. அப்புறம் வேலையும் இருக்காது, அந்த ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவன் பெயின்ட் அடித்ததற்கெல்லாம் நம்பர் எழுதிக்கொண்டிருப்பாய், உன் கையெழுத்து அவனுடையதைவிட அழகு. மற்ற வீட்டில் பெற்றவர்கள் எல்லாம் வா வா என்று எழுதுவார்கள். நான் எழுதுகிறேன், வராதே. ராஜினாமா கொடுக்காதே. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். மீறி வந்தால் நான் கதவைத் திறக்கமாட்டேன், உன் சித்தி திறப்பாள் என்பதால் சாவியை அவளிடமிருந்து வாங்கி என் இடுப்பில் கட்டிக்கொண்டுவிட்டேன். அவன்மேல் உனக்குக் கோபம் வராது என்று தெரியும், என்மேலாவது கோபப்படு, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் படு, எனக்குத் தோல் தடிப்பு.

இதோடு பஞ்சு வைத்த பல் டப்பாவில் சிலவற்றை அனுப்பியிருக்கிறேன், பாதி துடைத்தது, பாதி துடைக்காதது. என் பேச்சை நம்ப வேண்டாம், உன் மீட்டரிலேயே வைத்துப் பார். ராஜினாமாவை எழுதி வைத்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே வைக்குமுன் கிழித்துப் போட மறக்காதே, குளிரில் கழுத்தை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. சித்தி ஆசீர்வாதம் எழுதச் சொல்லிக் கொடுத்ததை எழுதினால் நீ அடுத்த விமானத்தைப் பிடித்து வந்துவிடுவாய், ஆகவே என்னுடையது மட்டும்: நூறு வருஷம் நன்றாயிரு, தூரமாயிரு.

இப்படிக்கு,
உன்னை வீட்டுக்குள் விடாத,
சித்தப்பா