பெர்ணம் பாலத்துக்கு அந்தப் பக்கம்

இன்று சிலிபின் காப்பிக்கடையில் ஒரே சண்டை. ஏதோ புதுச் சட்டமாம். நம் பேராக் மாநிலத்துக்கு மட்டுமா, கூட்டாட்சியில் இருக்கிற நாலு மலாய் மாநிலங்களுக்கும் சேர்த்தா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் கடைக்குள்ளேயே புகுந்து தீர்ப்புச் சொல்லியிருப்பாய்.

அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாய். உன் மாமா, சுங்காய்த் தோட்டத்துக் கங்காணி, உன்னைத் தன் வயதுக்காரர் ஒருவருக்குக் கட்டி வைக்கப் பார்த்தார். அதனால்தான் ஓடினோம். தஞ்சோங் மாலிம் தாண்டி, பெர்ணம் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் உனக்கு வந்த தெம்பைப் பார்க்க வேண்டுமே! இக்கரை பேராக், மறுகரை சிலாங்கூர். "இனிமே என்ன பயம்? வேற சுல்தான், வேற சட்டம்லா!" என்றாய். அக்கரையில் ஒரு மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். நீ எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோதே சிலாங்கூர் போலீஸ்காரர் வந்து நின்றார். பெண்ணைக் கடத்திவிட்டேன் என்று மாமா புகார் கொடுத்திருந்தார்.

தஞ்சோங் மாலிம் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்குச் சிறை, உனக்கு அந்தக் கிழவர் என்றே நினைத்தேன். நீயோ, சிலாங்கூரில் வைத்து எப்படிப் பிடிக்கலாம் என்று கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரிடம் சண்டைக்குப் போனாய். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாகத்தான் சொன்னார்: "பிள்ளை, நிலம், பள்ளிவாசல் எண்டால் அது அந்தந்த மாநிலத்தின்ர அலுவல். ஆளைக் கடத்தின வழக்குக்கு நாலு மாநிலத்துக்கும் ஒரே சட்டம்தான்."

நீ அசரவில்லை. "அப்போ ஐயா, இங்க என்னை விட்டுட்டா, நாலு மாநிலத்துலயும் மாமா என் மேல கை வைக்க முடியாது, இல்லையா?"

அவர் சிரித்துவிட்டார்.

நீ வயது வந்தவள்தான் என்று தோட்டத்து ஆட்களே சாட்சி சொன்னார்கள். பிறகு மாஜிஸ்திரேட் துரை, இவன்தானே உன்னைக் கூட்டிப் போனான் என்று கேட்டார்.

"இவரா? இவருக்கு ஏது அந்தத் தைரியம்! நான்தான் இவரைக் கூட்டிட்டுப் போனேன்."

கோர்ட்டே சிரித்தது. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

ஈப்போவுக்கு வந்து இந்தச் சிலிபினில் குடித்தனம் வைத்த பிறகு மாமா நம் வாசலை மிதிக்கவே இல்லை. எங்கே போனாலும் நீ முன்னால் நடப்பாய், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன். காய்ச்சலில் நீ போன பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. தெருவில் உனக்கு இடம் விட்டு ஓரடி பின்னால்தான் நடக்கிறேன்.

இந்தத் தடவை மட்டும் ஏன்டி என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை?