வேண்மாளை இகழ்ந்த ஓலைக்கு மறுவோலை

மழை பொய்க்காமலும் மக்கள் மனம் வாடாமலும் தண்கரை நாட்டைக் காத்துவரும் பெருந்தலைவர் இளவெயினனார் திருமுன்பு, செம்பரை நாட்டு அரசி நல்லினி தலைதாழ்த்தி எழுதுவித்த ஓலை. தங்கள் குடியும் குளமும் வயலும் நலம் பெறுக.

சென்ற திங்கள் எம் முத்திரையோடு ஓர் ஓலை தங்களுக்கு வந்திருக்கும். எம் கல்விச்சாலையில் ஈராண்டு பயின்ற தங்கள் மகள் வேண்மாளுக்குக் கல்வி ஏறாது, அழைத்துக்கொள்க என்று அதில் கண்டிருக்கும். அது பொய். அதைச் சொன்னவள் யானே.

அவைத்தேர்வில் நிலமொன்றை எட்டில் ஒன்றான அரைக்கால் பங்காகப் பிரிக்கச் சொன்னபோது அவள் வாய்திறவாமல் நின்றாள். அவை சிரித்தது, யானும் சிரித்தேன்.

அவ்வோலை புறப்பட்ட பின் ஆற்றில் வெள்ளம் பெருகியதால், அது வடியும்வரை அவள் இங்கே தங்க நேர்ந்தது. அவ்வோலையைத் தன் கையால் எழுதிய படியெழுத்துப் பெண் மருதி, மனம் பொறாமல், நாள்தோறும் காலையில் அவளைத் தனியே அமர்த்தி, எங்கே தடுக்கிறது என்று கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள்தான் விடை வந்தது. முன்னாண்டு அம்மை கண்டு அவள் இருபது நாள் படுத்திருந்தபோது பின்னக் கணக்கு நடந்து முடிந்துவிட்டது. "அறுபது பேருக்கு நடுவுல தெரியலைன்னு எப்படிக்கா சொல்றது?" என்று அழுதாளாம்.

மருதி ஓலை நறுக்கொன்றைப் பாதியாகவும், பாதியில் பாதியாகவும் கிழித்து அவள் கையில் கொடுத்துத் தொடங்கினாள். தவறினால் சிரிக்க அங்கே யாருமில்லை. விளங்கிய பின்பே அடுத்ததற்குச் சென்றார்கள். இருபத்தைந்தாம் நாள் யானே சென்று பன்னிரண்டு கணக்குக் கேட்டேன். பதினொன்றுக்குச் சரியாகச் சொன்னாள். மற்றொன்றில் நின்று, "இது இன்னும் வரலை, மருதியக்காகிட்ட கேட்டுக்கறேன்" என்று அஞ்சாமல் சொன்னாள். என் முகத்தை மட்டும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஆதலால் முதல் ஓலையை எம் தூதரிடம் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். சிரித்த அதே அவையில் என் பிழையென்று யானே அதைப் படிப்பேன். இனி எம் கல்விச்சாலைகளில் பின்தங்கும் பிள்ளை ஒவ்வொன்றோடும் நாளுக்கு இரண்டு நாழிகை ஓர் ஆசிரியர் தனியே அமர வேண்டும். அவ்வாசிரியர்களைப் பழக்குபவள் மருதி. இது ஆணை.

வெள்ளம் வடிந்துவிட்டது. இங்கே பயில்வதோ தங்களிடம் திரும்புவதோ வேண்மாளின் விருப்பம். நேரில் கேட்க எனக்கு நா எழாமல் மருதி வழியாகக் கேட்டேன். எதுவாயினும் அவள் சொற்படி நடக்கப் படகுத்துறையாருக்கும் ஆணையிட்டுள்ளேன். இதை எழுதி முத்திரையிடும் இவ்வேளைவரை அவள் விடை சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.

இவை செம்பரை அரசி நல்லினி கையெழுத்து.