காற்று நின்றால்

ஷெனன்டோவா, பென்சில்வேனியா
1999 நவம்பர் 9, இரவு

அன்புள்ள பெர்னி அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

போன வாரம் அம்மா தேவாலயத்தில் பியரோகி கொழுக்கட்டை செய்யப் போயிருந்தபோது போன் வந்தது. இனி எந்தக் கம்பெனியிடம் மின்சாரம் வாங்குவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாமாம். காற்றாலை மின்சாரம் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நிலக்கரிப் புகை இல்லை என்றார்கள். அப்பாவின் நுரையீரலை நினைத்துக்கொண்டேன். "வீட்டுக்காரம்மாவா பேசறீங்க?" என்று கேட்டார்கள். "ஆமா, சீக்கிரம் சொல்லுங்க, அடுப்புல முட்டைக்கோசு கருகுது" என்று அம்மா குரலிலேயே சொல்லி, காற்றாலைக்கே மாற்றச் சொல்லி, பில்லில் இருந்த கணக்கு எண்ணையும் படித்துவிட்டேன்.

சனிக்கிழமை பழைய கம்பெனி கடிதம் போட்டிருந்தது. நாம் கேட்டு மாறவில்லை என்றால் பதினாறாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். அதைப் புவியியல் புத்தகத்தில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

வெளியே ஒரு கிளைகூட அசையவில்லை. காற்று நின்றால் அப்பாவின் ஆக்சிஜன் மிஷினும் நின்றுவிடுமா? அது ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். இருபத்தைந்து வருடம் சுரங்கத்தில் கரி வெட்டியவர் வீட்டில் கரி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா இனி என்னோடு பேசுவாரா?

உன் தங்கை,
ரோசலி

பிட்ஸ்பர்க்
நவம்பர் 12

என் அசட்டு ரோசலிக்கு,

முதலில் தூங்கு. நான் பரிமாறும் உணவகத்துக்கு மார்வின் என்ற லைன்மேன் வருவார். அவரிடம் கேட்டேன். காப்பியைச் சிந்திக்கொண்டு சிரித்தார்.

"காத்து நின்னா கரன்ட்டு நிக்குமா? எல்லா ஆலையும் ஒரே கம்பியிலதான்மா கொட்டுது. காத்தாலைக்காரன் அவன் பங்கை ஊத்துறான், உங்க வீட்டுக்கு எல்லாம் கலந்துதான் வரும். கம்பி அறுந்தா பழையபடி நாங்கதான் ஏணியைத் தூக்கிட்டு வரணும். அது சரி, அடுத்த மீட்டர் ரீடிங் வரைக்கும் எதுவும் மாறாதே, உன் தங்கச்சி எதுக்கு முழிச்சிட்டிருக்கா?"

ஆகவே மிஷின் நிற்காது. ஆனால் அம்மா பெயரில் நீ பேசியது தப்பு. பதினாறுக்குள் அந்தக் கடிதத்தை அப்பா கையில் கொடு. நான் சொல்லமாட்டேன், நீதான் சொல்ல வேண்டும்.

முத்தங்களுடன்,
பெர்னடெட்

ஷெனன்டோவா
நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

கொடுத்துவிட்டேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். அம்மாதான் கத்தினாள். "என் குரல்ல பேசினியா? நாளைக்கு என் பேர்ல வீட்டையே வித்துருவே போலிருக்கே."

அப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு அம்மாவிடம் சொன்னார்: "கரி எனக்குக் கடைசியா மிச்சம் வச்சது இந்தக் குழாயைத்தான். அதுக்கு நான் வேற வக்காலத்து வாங்கணுமா? இருக்கட்டும், ஹெலன். ஆனா இவ ஒரு மாசம் பாத்திரம் தேய்க்கணும்."

பிறகு அம்மா, "என் பேர்ல நடக்கறதை நான்தான் சொல்வேன்" என்று புதுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள் போல. "ஆமா, ஆமா, காத்தாலைதான், எனக்குச் சம்மதம். சீக்கிரம் சொல்லுங்க, அடுப்புல முட்டைக்கோசு கருகுது" என்றாள்.

அப்பா சிரித்தார் பார், இருமல் வந்து அம்மா முதுகைத் தடவ வேண்டியதாகிவிட்டது. அடுப்பில் ஒன்றும் இல்லை, அக்கா.

விளக்கைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இன்றும் கிளைகள் அசையவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. தூங்கப் போகிறேன்.

உன்
ரோசலி