ரவி சொன்ன ‘தெரியாது’

2006 ஜூன் 14, புதன்

மாலை அலுவலகத்திலிருந்து நேரே ஏ.எஸ்.ராவ் நகருக்குப் போய், மாமியார் வீட்டில் என் மகன் நிகிலைத் தூக்கினேன். தலை மழமழவென்று இருந்தது. சந்தனம் என் தோளில் ஒட்டியது. “அம்மா, குண்டு சூடு!”, மொட்டையைப் பார் என்று தெலுங்கில் சொல்லி, தலையைத் தானே தட்டிக் காட்டினான். என் கணவன் ரவியும் மாமியாரும் காலையில் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ரவி லீவு போட்டதே எனக்குத் தெரியாது.

அல்வாலில் எங்கள் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். “நமக்குத்தான் இதுல நம்பிக்கை கிடையாதே, ரவி?”

“உனக்குக் கிடையாது. நான் எப்பவாவது கடவுள் இல்லைன்னு சொன்னேனா? தெரியாதுன்னுதானே சொல்லியிருக்கேன்? அம்மா ரொம்ப ஆசைப்பட்டாங்க. முடிதானே, வளந்துடும்.”

உண்மைதான். திருமணத்துக்கு முன்பே அப்படித்தான் சொன்னான். என்னுடைய ‘இல்லை’யைவிட அது அடக்கமான பதில் என்று எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. ஆனால் தெரியாதவன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன வருடம் என் அம்மா, பழனியில் பேரனுக்கு முடியிறக்க வேண்டும் என்றாள். “எங்க ரெண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லம்மா” என்றேன். அம்மா அழுதாள். ரவி பக்கத்தில்தான் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் ‘தெரியாது’ என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை அம்மா வருகிறாள். நிகில் ஓடிப்போய்த் தலையைத் தட்டிக் காட்டுவான். ரவி, “வாங்க அத்தை” என்று பையை வாங்கிக்கொள்வான். அம்மா என்னைத்தான் பார்ப்பாள்.