மீதி ஒன்று

14.3.1997, வெள்ளி

இன்று வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் பொலிஸ்காரர் என் கைப்பையிலிருந்த அண்ணாவின் கடிதத்தைப் பிரித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அண்ணா ஒரு பெரிய எண் எழுதுவார். நான் அதைக் காரணிகளாக உடைத்துப் பதில் போடவேண்டும். இம்முறை 510511. பக்கத்தில், "தங்கச்சி, உடையாதெண்டு அவசரப்பட்டு எழுதிப்போடாதை."

"மே மொகத?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டு, அவர் எண்ணில் விரலை வைத்தார். கணக்கென்றால் நம்பாமல் இரகசியக் குறியீடு என்பார் என்ற பயத்தில், "டெலிபோன் நம்பர், மஹத்தயா" என்றேன். மடைத்தனம். உடனே சாவடித் தொலைபேசியில் அந்த எண்ணைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வீட்டில் ஆளில்லை என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

அறைக்கு வந்து வகுத்தேன். 2, 3, 5, 7, 11, 13, 17. எதனால் வகுத்தாலும் மீதி ஒன்று. உடையாது என்று பேனையை வைத்துவிட்டேன். பிறகு அண்ணாவின் வரியைப் பார்த்து 19ஆல் வகுத்தேன். மீதியில்லை.

பதிலில் எண்களைக் கண்டால் அங்கே சாவடியில் அவரைப் பிடித்துக் கேட்பார்கள். அவர் என்ன சொல்லித் தப்புவார்? "அண்ணா, உடையேல்லை" என்று மட்டும் எழுதப்போகிறேன். விடை இங்கேயே கிடக்கட்டும்: 19, 97, 277.